‘கரண்ட்’ வைத்தால் தாய்ப்பால் சுரக்குமா? பிரசவிக்காத அம்மாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரசவமே ஆகாத ஒரு பெண்ணுக்குத் தாய்ப்பால் சுரக்குமா? ‘அதெப்படிங்க முடியும்?’ என்றுதான் பலரும் கேட்பார்கள். முடியும் என்கிறது மருத்துவம். குழந்தையைத் தத்தெடுத்த அம்மா, வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்ற அம்மா எனக் கர்ப்பம் தரிக்காத பெண்களின் மார்பிலும் பால் சுரக்க வைக்கலாம். இதை ‘இண்டியூஸ்டு லாக்டேஷன்’ என்கிறார்கள். தமிழில் ‘தூண்டிய பால்சுரப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவித்து, ஏதோ காரணத்தால் பாலூட்டுவதை நிறுத்திவிட்டவர்கள் மறுபடியும் தொடங்குவதற்கு ‘ரீலாக்டேஷன்’ என்று பெயர். இந்த இரண்டைப் பற்றியும் உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது.

விஷயம் ஒன்றும் புதிதல்ல. ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில், தாயை இழந்த பேரக் குழந்தைக்குப் பாட்டியே பாலூட்டியது பதிவாகியிருக்கிறது. நமக்கும் முருகனுக்குப் பாலூட்டிய கார்த்திகைப் பெண்கள் கதை தெரியும். பெற்றால்தான் பாலூட்ட முடியும் என்ற விதி, கதையில்கூட நம் முன்னோர் வைக்கவில்லை.

இப்போது இந்தப் பேச்சில் புதிதாக ஒரு பொருளும் சேர்ந்திருக்கிறது. மூட்டுவலி, இடுப்புவலிக்கு ஃபிசியோதெரபி சென்டரில் ‘கரண்ட் வைக்கிறது’ என்போமே, அதேதான். ‘அந்த மெஷினை வாங்கி வீட்டிலேயே வைத்தால் பால் ஊறுமாமே!’ என்று தோழிகள் சொல்ல, ஆன்லைனில் ஆர்டர் போடும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த மெஷின் என்ன செய்யும், எதைச் செய்யாது, அதைவிட முக்கியமான வேலை எது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆர்டர் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

பால் எப்படிச் சுரக்கிறது?

முதலில் உடம்பு வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். தாய்ப்பாலுக்கு இரண்டு ஹார்மோன்கள் முக்கியம். ஒன்று, புரோலாக்டின். பாலை உற்பத்தி செய்ய வைப்பது இதுதான். இன்னொன்று, ஆக்ஸிடோசின். உற்பத்தியான பாலைக் காம்பு வழியாக வெளியே தள்ளுவது இது. இரண்டுமே மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகின்றன.

அந்தச் சுரப்பிக்கு ‘வேலையை ஆரம்பி’ என்று தகவல் சொல்வது யார்? குழந்தையின் வாய். குழந்தை சப்பும்போது காம்பிலும் அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியிலும் இருக்கும் நரம்புகள் தூண்டப்படுகின்றன. விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் வழியாக, குறிப்பாக நான்காவது நரம்பு வழியாக, அந்தத் தகவல் தண்டுவடத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போகிறது. தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்ட பெண்களுக்கும், அறுவை சிகிச்சையில் காம்புக்குப் போகும் நரம்பு துண்டிக்கப்பட்டவர்களுக்கும் பாலூட்டுவது சிரமமாவதற்குக் காரணம் இதுதான். தகவல் போகும் வழி அங்கே அடைபட்டிருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் மார்பில் பால் சுரப்பிகளை வளர்த்துத் தயாராக வைக்கின்றன. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது, பால் கட்டத் தொடங்குகிறது. பிரசவிக்காத பெண்ணுக்கு இந்த முன் தயாரிப்பு நடந்திருக்காது. ஆனால், பிட்யூட்டரி இருக்கிறது, நரம்பு இருக்கிறது, மார்பில் சுரப்பித் திசுவும் இருக்கிறது. விடாமல் தூண்டினால் அந்தத் திசு வளர்ந்து வேலைக்கு வரும். தூண்டிய பால்சுரப்பின் மொத்த சூத்திரமும் இவ்வளவுதான்.

கிராமத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இதில் ஒரு பாதி ஏற்கெனவே தெரியும். கன்று இறந்துபோனால், அதன் தோலில் வைக்கோலைத் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொடுத்தபடியே மாடு பாலை இறக்கும். மடியில் பால் இருந்தாலும், அது இறங்க மூளையின் அனுமதி வேண்டும். மனுஷிக்கும் அப்படித்தான். பயம், வலி, பதற்றம் இருந்தால் ஆக்ஸிடோசின் தயங்கும்.

டென்ஸ் மெஷின் என்பது என்ன?

‘டிரான்ஸ்கியூட்டேனியஸ் எலெக்ட்ரிகல் நெர்வ் ஸ்டிமுலேஷன்’ என்பதன் சுருக்கம்தான் டென்ஸ். தோலின் வழியே நரம்பை மின்சாரத்தால் தூண்டுவது என்று அர்த்தம். செல்போன் அளவுள்ள பேட்டரி கருவி, அதிலிருந்து வரும் ஒயர்கள், ஒயர் நுனியில் தோலில் ஒட்டும் ஜெல் பேட். அவ்வளவுதான் மெஷின். வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம், இதில் வருவது மிகக் குறைந்த மின்துடிப்பு. எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு தெரியும்.

இது வலியைக் குறைக்கவே உருவானது. 1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு ‘கேட்’ இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். தொடுவுணர்வு அதன் வழியே நிறைய நுழையும்போது வலி உள்ளே நுழைய முடியாமல் தடுக்கப்படுகிறது என்பது அவர்கள் விளக்கம். முட்டி இடித்தவுடன் தேய்த்துவிட்டால் வலி குறைகிறதல்லவா, அந்தக் கணக்குதான். டென்ஸ் அந்தத் தேய்த்துவிடும் வேலையை மின்துடிப்பால் செய்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ‘மசாஜர்’, ‘ஸ்லிம்மிங் பெல்ட்’ என்ற பெயரில் விற்கும் சில கருவிகள் தசையைச் சுருக்கி விரிக்கும் இ.எம்.எஸ் வகையைச் சேர்ந்தவை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேலை வேறு, கரண்ட்டின் அளவும் வேறு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எதையும் உடம்பில் ஒட்டாதீர்கள்.

மார்புக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

யோசனை எளிமையானது. குழந்தையின் வாய் தூண்டும் அதே நரம்புப் பாதையை மின்துடிப்பால் தூண்டினால் பிட்யூட்டரி ஏமாந்து புரோலாக்டினைச் சுரக்குமா என்பதே கேள்வி. கூடவே, மார்புப் பகுதியில் ரத்த ஓட்டம் கூடலாம், தோள்பட்டை இறுக்கம் தளரலாம், சிசேரியன் தையல் வலி குறைந்தால் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து பாலூட்டலாம் என்ற எதிர்பார்ப்புகளும் உண்டு.

சீனாவில் இதை அக்குபஞ்சரோடு சேர்த்து முயன்றிருக்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக அக்குபஞ்சர் புள்ளிகளில் பேட் ஒட்டி மின்துடிப்பு கொடுப்பார்கள். நடுமார்பெலும்பில் ஒரு புள்ளி, சுண்டுவிரல் நக ஓரத்தில் ஒரு புள்ளி எனப் பால்சுரப்புக்கென்று அவர்கள் மருத்துவத்தில் தனிப் புள்ளிகளே உண்டு. சிசேரியன் முடிந்த தாய்மார்களிடம் நடந்த இத்தகைய ஆய்வுகள் சிலவற்றில், பால் சீக்கிரம் வந்ததாகவும் புரோலாக்டின் கூடியதாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இங்கேதான் நீங்கள் நிதானிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பிரசவித்த பெண்கள். கர்ப்பம் அவர்களுடைய மார்பை ஏற்கெனவே தயார் செய்துவிட்டது. எப்படியும் பால் வரவிருந்தவர்களுக்கு அது கொஞ்சம் முன்னால் வந்தது, அல்லது கொஞ்சம் கூடுதலாக வந்தது. பிரசவிக்காத பெண்ணுக்கு டென்ஸ் மட்டும் வைத்து பால் வரவழைக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. தூண்டிய பால்சுரப்புக்கென உள்ள முக்கிய வழிகாட்டுதல்களில் இது அடிப்படைச் சிகிச்சையாக இடம்பெறவும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், டென்ஸ் ஒரு துணை. அதுவும், தேர்ந்த ஃபிசியோதெரபிஸ்ட்டும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தால் முயன்று பார்க்கக்கூடிய துணை. ‘பத்து நாள் கரண்ட், பதினோராம் நாள் பால்’ என்று யாராவது பேக்கேஜ் போட்டு விற்றால், பர்ஸை மூடிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

யாருக்கு வைக்கவே கூடாது?

டென்ஸ் பொதுவாகப் பாதுகாப்பான கருவிதான். ஆனால், அது எந்த இடத்தில், யாருக்கு என்பதைப் பொறுத்தது. வைக்கும் இடம் இதயத்துக்குப் பக்கத்தில் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும்.

- பேஸ்மேக்கர் போன்ற கருவி பொருத்தியவர்கள் தொடவே கூடாது. இதயத் துடிப்புப் பிரச்னை உள்ளவர்கள் இதய மருத்துவர் சொல்லாமல் வைக்கக் கூடாது.

- வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் முயலக் கூடாது.

- மார்பில் கட்டி, காரணம் தெரியாத வீக்கம், காம்பில் ரத்தக்கசிவு இருந்தால் முதலில் பரிசோதனை. புற்றுநோய் உள்ள இடத்தில் கரண்ட் வைக்கக் கூடாது.

- முன் கழுத்தில் பேட் ஒட்டக் கூடாது. ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புகள் அங்கே இருக்கின்றன. நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று மார்புக்கூட்டின் குறுக்கே கரண்ட் பாயும்படியும் ஒட்டக் கூடாது.

- காம்பிலும் அதைச் சுற்றிய கருமையான பகுதியிலும் ஒட்டக் கூடாது. வெடிப்பு, புண், அலர்ஜி, மரத்துப்போன தோல் இருக்கும் இடங்களும் வேண்டாம்.

- குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தூங்கும்போது மெஷின் ஓடக் கூடாது.

- குழந்தை மடியில் இருக்கும்போது பேட் ஒட்டியிருக்கவே கூடாது. எடுத்த பிறகு ஜெல் பிசுக்கு போகத் தோலைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும்.

‘யூடியூபில் பார்த்து நானே ஒட்டிக்கிறேன்’ என்ற யோசனை இருந்தால், இந்தப் பட்டியலை இன்னொருமுறை படியுங்கள். எங்கே ஒட்டுவது, எவ்வளவு அளவு, எத்தனை நிமிடம் என்பது உங்கள் உடம்பைப் பார்த்து ஒருவர் நேரில் முடிவு செய்ய வேண்டியது.

மெஷினைவிட முக்கியமான வேலை

பால் சுரக்க வைப்பதில் முதல் இடம் எதற்கு? காம்பைத் தூண்டுவதற்கும், மார்பைக் காலி செய்வதற்கும். வேறு எதுவும் இந்த இரண்டுக்கும் மாற்று கிடையாது.

குழந்தை வருவதற்கு முன்பே தொடங்குபவர்கள் கையாலும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இயங்கும் எலெக்ட்ரிக் பிரெஸ்ட் பம்ப்பாலும் தூண்டலாம். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். பிறகு ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், ஒரு நாளைக்குச் சுமார் எட்டு தடவை. அதில் ஒரு தடவையாவது நடு இரவில் இருக்கட்டும். புரோலாக்டின் ராத்திரியில் அதிகம் சுரக்கும் என்பதே காரணம். பம்ப்பின் இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறு. வலித்தால் அளவைக் குறையுங்கள். வலி, ஆக்ஸிடோசினுக்கு எதிரி.

முதல் சில நாள்களுக்கு ஒன்றுமே வராது. பிறகு காம்பில் ஒரு ஈரம், ஒரு சொட்டு. இதற்கே ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம். எட்டு தடவை பம்ப் செய்து பாட்டில் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது மனசு விட்டுப்போகும். பலரும் நிறுத்துவது இந்த இடத்தில்தான். அந்த நேரத்தில் பாட்டிலைப் பார்க்காமல், அதன்மேல் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு டி.வி-யோ பாட்டோ போட்டுக்கொள்வது நல்ல உத்தி.

குழந்தை வந்துவிட்டால் அதைவிடச் சிறந்த பம்ப் கிடையாது. ரவிக்கையைத் தளர்த்தி, குழந்தையை டயபரோடு மட்டும் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். எடை குறைந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லித்தரும் ‘கங்காரு’ முறைதான். தோலோடு தோல் ஒட்டியிருப்பது ஆக்ஸிடோசினைத் தூண்டும். அந்நியக் கைகளில் இருந்து வந்த குழந்தைக்கு உங்கள் வாசனையும் பழகும்.

பால் வராத மார்பில் குழந்தை ஏன் சப்ப வேண்டும்?

நியாயமான கேள்வி. பாட்டிலில் பழகிய குழந்தைக்கு, சப்பினால் உடனே பால் வர வேண்டும். வராவிட்டால் வீறிட்டு அழும். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பயன்படுத்தும் மெல்லிய ஃபீடிங் டியூபின் ஒரு முனையைப் பால் உள்ள கிண்ணத்தில் போடுங்கள். மறுமுனையைக் காம்போடு ஒட்டி வைத்து, குழந்தையைச் சப்ப விடுங்கள். குழந்தை காம்பைச் சப்பும்போது டியூப் வழியாகக் கிண்ணத்துப் பால் வாய்க்குப் போகும். குழந்தைக்கு வயிறு நிறையும். அதே நேரத்தில் உங்கள் நரம்புகளுக்கு வேண்டிய தூண்டுதலும் கிடைக்கும். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாக வரும், தாழ்த்தினால் மெதுவாக வரும். குழந்தைக்குப் புரையேறாத அளவுக்குத் தாழ்வாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் டியூபைச் சுத்தம் செய்ய வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். முதல் தடவை ஒரு செவிலியரோ பாலூட்டல் ஆலோசகரோ பக்கத்தில் இருந்து கற்றுத்தருவது நல்லது.

மற்ற நேரங்களில் பாட்டிலுக்குப் பதிலாகப் பாலாடை இருக்கவே இருக்கிறது. நம் பாட்டிகளின் சங்கும் பாலாடையும் இன்றும் பச்சிளம் குழந்தைகள் பிரிவுகளில் பயன்பாட்டில் இருக்கின்றன. பாட்டில் நிப்பிளுக்குப் பழகிய வாய் மார்பை மறுக்கும் சிக்கல் இதில் குறைவு. கொதிக்கும் நீரில் போட்டெடுத்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மாத்திரை போட்டால் வருமா?

தூண்டிய பால்சுரப்பில் அதிகம் பேசப்படுவது, கனடாவின் குழந்தை மருத்துவர் ஜாக் நியூமேன், லெனோர் கோல்ட்ஃபார்ப் இருவரின் பெயரில் உள்ள முறை. சில மாதங்கள் கருத்தடை மாத்திரை கொடுத்து உடம்பைக் கர்ப்பம் போன்ற நிலையில் வைத்திருப்பார்கள். கூடவே புரோலாக்டினைக் கூட்டும் டோம்பெரிடோன் மாத்திரை. குழந்தை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு, பம்ப் செய்யத் தொடங்குவார்கள்.

டோம்பெரிடோன் நமக்குப் புதிதல்ல, வாந்திக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். ‘அதைத்தானே, மெடிக்கல் ஷாப்ல வாங்கிக்கலாமே’ என்று தோன்றும். வேண்டாம். இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும் ஆபத்து இந்த மருந்துக்கு உண்டு. பால்சுரப்புக்காக இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2004-லேயே எச்சரித்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல், வாந்திக்குக்கூட 10 மி.கி வீதம் ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. பால்சுரப்பு முறைகளில் சொல்லப்படும் அளவோ இதைவிட அதிகம். சில ஆன்டிபயாடிக், பூஞ்சைத் தொற்று மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, பதற்றம் வரலாம். அதேபோல, ரத்தக்கட்டு பிரச்னை, மார்பகப் புற்றுநோய் வரலாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஒத்துவராது.

எனவே, மகப்பேறு மருத்துவரிடம் போய், இ.சி.ஜி, தைராய்டு, மார்பகப் பரிசோதனை, எச்.ஐ.வி உள்ளிட்ட தொற்றுப் பரிசோதனைகள் எல்லாம் முடித்த பிறகுதான் மருந்து பற்றிய பேச்சே. குழந்தையின்மை சிகிச்சை எடுத்தவர் என்றால் அந்த ஃபைலையும் எடுத்துப் போங்கள். மருந்தே இல்லாமல், தூண்டுதல் மூலம் மட்டும் பால் வரவழைத்தவர்களும் உண்டு.

பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா புட்டு எல்லாம்? தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்குச் சத்து. ஆனால், தூண்டுதல் இல்லாமல் இவை மட்டும் பாலைக் கொண்டுவராது. வெந்தயத்தை மருந்துபோல அதிக அளவில் எடுத்தால் ரத்தச் சர்க்கரை இறங்கலாம். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருக்கவோ மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் உள்ள நடைமுறைச் சிக்கல்

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத் திட்டம் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. இந்தியாவில் சட்டப்படி ஒரு குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோருக்கு, முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாதம் அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால், பெற்றோரைத் தேடிப் பார்த்து, தத்துக்குரியவர் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். ஆக, மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’ வழியாக வரும் குழந்தை உங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்போது பெரும்பாலும் இரண்டு மாதம் தாண்டியிருக்கும். பாட்டிலுக்கு நன்றாகப் பழகியிருக்கும். ‘குழந்தை ரெடி’ என்ற அழைப்பு எப்போது வரும் என்றும் தெரியாது. பல வருடக் காத்திருப்புக்குப் பின் திடீரென்று வரும். மாதக்கணக்கில் மாத்திரை எடுத்துத் தயாராகும் திட்டங்கள் தத்தெடுக்கும் அம்மாவுக்குச் சரிவராததற்கு இதுதான் காரணம். அவருக்கு, குழந்தை வந்த பிறகு டியூபும் தோல் தொடுகையுமாகத் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது.

வாடகைத்தாய் முறையில் நிலைமை வேறு. 2021-ல் வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நடக்கும் சிகிச்சையில், பிரசவத் தேதி முன்கூட்டியே தெரியும். தயாராக மாதங்கள் கிடைக்கும். குழந்தையும் பிறந்தவுடன் உங்கள் நெஞ்சுக்கு வரும். ஆனால், தூண்டிய பால்சுரப்பில் முதல் நாள்களின் சீம்பால் கட்டம் பொதுவாக இருக்காது. அந்தச் சில நாள்களுக்கு என்ன செய்யலாம் என்று குழந்தை மருத்துவரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு விடுப்பும் ஒரு கணக்கு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கும், வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற்றவர்களுக்கும் 12 வார விடுப்பு என்றது. இரண்டு மாதம் தாண்டி வரும் குழந்தைக்கு மூன்று மாத வரம்பு எவ்வளவு குறுகலானது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது எவ்வளவு விடுப்பு பொருந்தும் என்று அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. நாளைக்கு எட்டு தடவை என்பது விடுப்பு இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை.

எவ்வளவு பால் வரும்?

உண்மையைச் சொல்லிவிடலாம். தூண்டிய பால்சுரப்பில் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முழுத் தேவைக்கும் போதுமான பால் வருவதில்லை. சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒரு வேளைக்கு, சிலருக்குச் சில சொட்டுகள். முன்பு பிரசவித்துப் பாலூட்டியவர்களுக்குக் கொஞ்சம் எளிது.

இதனால்தான் ஃபார்முலா பாலைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதில் தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது, ‘பசிச்சா தானா குடிக்கும்’ என்று பட்டினி போடுவது, இரண்டுமே ஆபத்து. டென்ஸ் மெஷினால் வருவதைவிடப் பெரிய ஆபத்து இதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். பால் கூடக் கூட, மருத்துவர் மேற்பார்வையில் ஃபார்முலாவைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

குழந்தைக்குப் போதுமா என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். இரண்டு, எடை. முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்கு அரை கிலோவாவது கூட வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, தொடக்கத்தில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போவது, உச்சிக்குழி உள்வாங்குவது, குழந்தை எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை.

தாய்ப்பால் வங்கியில் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் தொடங்கிய தாய்ப்பால் வங்கிதான் இந்தியாவின் முதல் வங்கி. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் இப்போது வங்கிகள் இருக்கின்றன. ஆனால், அங்கே குறைமாதக் குழந்தைகளுக்கே முன்னுரிமை. தெரிந்தவர், அறிந்தவரிடம் பரிசோதிக்காத பாலை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் தொற்று அபாயம் இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை அப்படியே கணவருக்கும் மாமியாருக்கும் ஃபார்வர்டு செய்துவிடுங்கள்.

‘இன்னிக்கு எத்தனை மில்லி வந்துச்சு?’ என்று கேட்காதீர்கள். ‘பெத்திருந்தா வந்திருக்கும்’ என்ற வாக்கியத்தை விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பம்ப் பாகங்களைக் கழுவி வைப்பது, டியூபை மாற்றுவது, நடு இரவில் பாலாடையில் ஊட்டுவது, எடை பார்க்கக் கூட்டிப்போவது எல்லாம் மற்றவர்களும் செய்யக்கூடியவைதான். அவர் தூங்கினால்தான், நிம்மதியாக இருந்தால்தான், பால் இறங்கும்.

அம்மாக்களே, உங்களுக்கும் ஒன்று. தொடங்கும் முன்பே ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ, உங்களால் முடிந்தது. அதன் முடிவில் தொடர்வதா, நிறுத்துவதா என்று அமைதியாக யோசிக்கலாம். தூக்கம் போய், அழுகை வந்து, குழந்தையைப் பார்த்தாலே பயம் வருகிறது என்றால் அந்தக் காலக்கெடுவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். பம்ப்பை ஓரமாக வைத்துவிட்டு மனநல ஆலோசனை பெறுங்கள். தத்தெடுத்த அம்மாக்களுக்கும் குழந்தை வந்த பிறகு மன அழுத்தம் வரும். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

டியூபின் வழியே ஃபார்முலா குடித்துக்கொண்டே குழந்தை உங்கள் மார்பில் முகம் புதைத்துத் தூங்கிப்போனால், அதுவும் பாலூட்டல்தான். அந்தப் பாலில் உங்களுடையது பத்துச் சொட்டு இருந்தாலும் சரி, ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.

டென்ஸ் மெஷின் வாங்குவதா, வேண்டாமா என்று இனி நீங்களே முடிவு செய்யலாம். வாங்குவதாக இருந்தால், முதல் அப்பாயின்ட்மென்ட் மகப்பேறு மருத்துவரிடம், இரண்டாவது குழந்தை மருத்துவரிடம். ஃபிசியோதெரபிஸ்ட் மூன்றாவதாக வரட்டும்.